மஞ்சள் கவுனும் இரண்டு இருக்கைகளும்

"அந்த ஃபோன் எடுக்குற அக்கா பேரு என்ன மேடம்?"

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நாங்கள் பார்த்தது ஆரன் சார்க்கின் எழுதி இயக்கிய 'தி ட்ரையல் ஆஃப் தி சிகாகோ 7'. 2020-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த படம். போராட்டம், கருத்துரிமை, நீதிமன்றம் பற்றி வகுப்பில் பேசத் தோதாக இருக்கும் என்று நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். அதற்கு முன்பே இரண்டு முறை பார்த்தாயிற்று. இரண்டு முறையும் கடைசிக் காட்சியில் கண் கலங்கியிருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்ட ஏழு ஆண்களின் பெயரையும், எட்டாவதாக இருந்து பாதியில் தனியே பிரிக்கப்பட்ட பாபி சீலின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்வேன். அவர்களுடைய வழக்கறிஞர் பெயர் தெரியும், நீதிபதி பெயர் தெரியும். ஃபோன் எடுக்கும் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பெர்னடின் என்று இருந்தது.

படம் முழுக்க அவள் போராட்ட அலுவலகத்தில் இருக்கிறாள். மணி அடித்தால் எடுக்கிறாள், மிரட்டல் வந்தால் கேட்டுக்கொள்கிறாள், யாருக்கு யார் பேச வேண்டுமோ அவர்களிடம் கொடுக்கிறாள். அவள் ஏன் அங்கே வந்தாள், போர் பற்றி என்ன நினைக்கிறாள் என்று படம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு முறை பார்த்தும் கேட்கத் தோன்றாத என்னை அந்தப் பெண்ணின் கேள்வி கொஞ்சம் தொந்தரவு செய்தது. அதனால்தான் இந்தப் படத்தையும், அதே சம்பவத்தைப் பற்றிய பழைய படம் ஒன்றையும் மறுபடி பார்க்க உட்கார்ந்தேன்.

சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968 ஆகஸ்ட் 26 முதல் 29 வரை சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தது. அமெரிக்காவில் ஒரு கட்சி தன் குடியரசுத் தலைவர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பது இப்படிப்பட்ட மாநாட்டில்தான். நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் தலைமையிடமிருந்து வரும். வாசலில் காத்திருப்பவர்கள் பட்டாசு வெடிப்பார்கள், அல்லது நாற்காலியை உடைப்பார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் பிரதிநிதிகள் வந்து அரங்கில் உட்கார்ந்து வாக்களிக்க வேண்டும். ஆகவே யார் பிரதிநிதி, எந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் மாநாட்டின் அடிப்படைக் கேள்வி. கேட்பதற்குச் சலிப்பூட்டும் விதிமுறை விவகாரம்போல இருக்கும். இந்தக் கட்டுரையின் பாதி அதைப் பற்றியதுதான்.

அந்த ஆண்டு வியட்நாம் போர் நாட்டைப் பிளந்திருந்தது. மார்ச் 31 அன்று ஜான்சன் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி. பிரைமரி எனப்படும் மாநில அளவிலான உட்கட்சித் தேர்தல் ஒன்றில்கூட நிற்காத துணைக் குடியரசுத் தலைவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளராக வரப்போகிறார் என்பது தெரிந்துபோயிற்று. போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சிகாகோவுக்கு வந்தார்கள். மேயர் ரிச்சர்ட் டேலி ஏறத்தாழ 12,000 போலீசாரையும் 6,000 அளவிலான தேசியக் காவல்படையினரையும் இறக்கினார். பூங்காவில் இரவு தங்க அனுமதி மறுக்கப்பட்டது. இரவு 11 மணிக்குமேல் லிங்கன் பூங்காவில் இருந்தவர்களைக் கண்ணீர்ப்புகையும் தடியும் கொண்டு விரட்டினார்கள். 28-ஆம் தேதி மாலை ஹில்டன் ஹோட்டல் வாசலில், மிச்சிகன் அவென்யூவில், தொலைக்காட்சி விளக்குகளின் வெளிச்சத்திலேயே அடி விழுந்தது. உள்ளே ஹம்ஃப்ரியின் பெயர் முன்மொழியப்பட்டுக்கொண்டிருந்த அதே இரவில், வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் காட்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு வந்த வாக்கர் அறிக்கை நடந்ததைப் போலீஸ் கலவரம் என்றே அழைத்தது. ஆனாலும் 1969-இல் சதி வழக்கு போராட்டக்காரர்கள்மீது வந்தது. எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஆண்கள்.

கலவரத்துக்குச் சதி செய்யக்கூடிய அளவுக்கு ஒரு பெண் முக்கியமானவளாக அரசுக்குத் தோன்றவில்லை. அரசின் பார்வையை சார்க்கின் படம் எல்லா விதத்திலும் மறுக்கிறது, இந்த ஒன்றைத் தவிர.

மாணவிகளோடு சேர்ந்து படத்தில் பெண்கள் வரும் இடங்களை ஒரு தாளில் எழுதினோம். தாளின் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. பெர்னடினை விட்டால், அடுத்தவள் ஜெர்ரி ரூபினிடம் பழகி அவனை நம்பவைக்கும் எஃப்.பி.ஐ. உளவாளி. அவன் காதல்வயப்படுகிறான், அவள் நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொல்கிறாள், அவன் மனம் உடைகிறான். இந்தப் பாத்திரம் கற்பனை. உண்மையில் ரூபினிடம் ஒட்டிக்கொண்டு மெய்க்காப்பாளனாகவே சுற்றிய உளவாளி ராபர்ட் பியர்சன் என்ற போலீஸ்காரர். தாடி வளர்த்து மோட்டார் சைக்கிள்காரன் வேடத்தில் வந்தவர். ஓர் ஆண் செய்த துரோகத்தைப் படம் ஒரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது. எதற்காக? ரூபினை ஏமாந்த அரசியல்வாதியாகக் காட்டுவதைவிட ஏமாந்த காதலனாகக் காட்டினால் நாம் அவனை விரும்புவோம் என்பதற்காக. மயக்கி ஏமாற்றும் பெண் என்பது திரைக்கதை எழுதுகிறவர்களின் அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கும் பொருள். கை நீட்டினால் போதும்.

மூன்றாவதாக, கொடி பிடித்துவரும் ஒரு பெண். கலவரத்தின் நடுவே சில ஆண்கள் அவளைப் பிடித்து இழுக்கிறார்கள், ரூபின் பாய்ந்து காப்பாற்றுகிறான். காட்சி முடிந்ததும் அவளும் முடிந்துபோகிறாள். அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. ரூபின் நல்லவன் என்று நமக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்னொருத்தி ஜூரியில் இருக்கும் இளம்பெண். கையில் ஜேம்ஸ் பால்ட்வின் புத்தகம் வைத்திருப்பாள். நமக்கு அவள்மேல் நம்பிக்கை வரும் நேரத்தில் அவளை ஜூரியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

ஜூரி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வழக்கின் 12 ஜூரிகளில் 10 பேர் பெண்கள். அந்தப் பத்துப் பெண்கள் மாதக்கணக்கில் வீட்டை விட்டு ஹோட்டலில் அடைபட்டு, ஆண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1970 பிப்ரவரியில் ஏழு பேரையும் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்து, ஐந்து பேரைக் கலவரத்தைத் தூண்டும் நோக்கில் மாநில எல்லை தாண்டியதற்காகக் குற்றவாளிகள் என்று சொன்ன தீர்ப்பு அவர்களுடைய அறைக்குள்தான் உருவானது. (1972-இல் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனைகளும் ரத்தாகின.) அந்த அறையில் என்ன பேசினார்கள், எப்படி இழுபறிப்பட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது நாடகம் எழுதுகிறவனுக்குத் தங்கச் சுரங்கம். சார்க்கின் பேச்சுக்குப் பேர்போனவர். மூடிய அறைக்குள் வாதம் எழுதுவதில் அவருக்கு நிகரில்லை. ஆனால் அந்த அறைக்குள் அவர் போகவில்லை. போராட்டக்காரர்கள் பக்கமும் அப்படித்தான். யிப்பி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் நான்சி குர்ஷனும் அனிதா ஹாஃப்மேனும் உண்டு. வழக்கு முடிந்த சமயத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே நீதிபதி அங்கிகளைக் கொளுத்தியவர்கள் இந்தப் பெண்கள். கண்ணுக்கு விருந்தான காட்சி, அதுகூட படத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஏன் இது உறைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் படித்தபோது விடுதித் தண்ணீருக்காக ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. பத்திரிகையில் படம் வந்தது. நான்கு மாணவர் தலைவர்கள் கையை உயர்த்தி நிற்கிறார்கள், பின்னால் பேனர். பேனரின் இடது ஓரத்தைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிகிறது. கண்ணாடி வளையல் போட்ட கை. அது என் கை. பேனரில் இருந்த எழுத்தும் என்னுடையது. அந்தப் படத்தை அம்மா வெட்டி வைத்திருந்தார். "இதுல நீ எங்கடி இருக்கே?" என்று கேட்டபோது வளையலைக் காட்டினேன். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெர்னடினைக் கவனிக்காமல் விட்டதற்கு அந்தப் பெருமைக்கும் பங்கு உண்டு என்று இப்போது நினைக்கிறேன். பேனரின் ஓரத்தில் நிற்பது நமக்குப் பழகிவிட்ட இடம்.

பழைய படத்துக்கு வருகிறேன். ஹாஸ்கெல் வெக்ஸ்லரின் 'மீடியம் கூல்', 1969. வெக்ஸ்லர் ஒளிப்பதிவாளர். சிகாகோ மாநாட்டில் மோதல் வரும் என்று முன்கூட்டியே ஊகித்து ஒரு கதையை எழுதிக்கொண்டு, நடிகர்களை நிஜக் கூட்டத்துக்குள் இறக்கிப் படம் பிடித்தார். கதாநாயகன் ஜான் ஒரு தொலைக்காட்சிக் கேமராக்காரன். எதையும் பதறாமல் படம் பிடிக்கிறவன். முதல் காட்சியிலேயே நெடுஞ்சாலையில் விபத்து. ஒரு பெண் அடிபட்டுக் கிடக்கிறாள். ஜானும் ஒலிப்பதிவாளரும் வேண்டியமட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள்.

இந்தப் படத்தின் மையமான கேள்வியைக் கேட்பவளும் ஒரு பெண்தான், ஆனால் படம் அவளை அதற்காக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஜானின் தோழி ரூத் ஒரு நர்ஸ். 'மோண்டோ கானே' என்ற ஆவணப்படத்தில் கதிர்வீச்சால் திசை தப்பிப்போன கடல் ஆமை கடலுக்குப் போகாமல் நிலத்துக்குள் நகர்ந்து சாகும் காட்சி வருகிறது. அதைப் படம் எடுத்தவர்கள் ஆமையைத் தூக்கிக் கடலில் விட்டார்களா, இல்லையா என்று ரூத் கேட்கிறாள். ஜானிடம் பதில் இல்லை. அடுத்து இருவரும் படுக்கையறையில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், உடையில்லாமல். படம் அமெரிக்காவில் 'எக்ஸ்' சான்றிதழ் வாங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. அறம் பற்றிக் கேட்ட பெண்ணை அடுத்த நிமிடமே உடலாக மாற்றிவிடும் வேகத்தைப் பாருங்கள். பிறகு அவள் கதையிலிருந்தே நழுவிப்போகிறாள்.

அவள் இடத்துக்கு வருபவள் ஐலீன். வெர்னா ப்ளூம் நடித்திருக்கிறார். மேற்கு விர்ஜினியாவின் மலைப்பகுதியிலிருந்து பிழைப்புக்காகச் சிகாகோவின் அப்டவுன் பகுதிக்கு வந்த ஏழை வெள்ளைக்காரப் பெண். கணவன் கூட இல்லை. ஹரால்ட் என்று ஒரு மகன், புறா வளர்க்கிறான். அம்மாவும் ஜானும் நெருங்குவதைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டு ஓடிப்போகிறான். மாநாட்டு இரவில் ஐலீன் மகனைத் தேடிக்கொண்டு நகரத்துக்குள் நடக்கிறாள். அப்போது அவள் அணிந்திருப்பது ஒரு மஞ்சள் கவுன்.

இந்த நடையை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. மஞ்சள் கவுன் பூங்காவைக் கடக்கிறது. பின்னால் நிஜமான தேசியக் காவல்படை, நிஜமான துப்பாக்கிகள், முன்பக்கம் முள்வேலிச் சட்டம் கட்டிய ஜீப்புகள். தலையில் ரத்தம் வழியும் ஒருவனைத் தாங்கிப் போகிறார்கள், அவனும் நடிகனல்ல. வெர்னா ப்ளூமுக்கு வசனம் மிகக் குறைவு. அவர் முகத்தில் இருக்கும் பயத்தில் ஐலீனுடையது எவ்வளவு, நடிகையுடையது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எல்லோரும் ஒரு திசையில் போகும்போது அவள் குறுக்கே போகிறாள். எந்தக் கோஷமும் போடவில்லை. எதிரிலிருக்கும் சீருடைக்காரனிடம் அவளுக்கு வேண்டியது வழி மட்டுந்தான். அந்த நேரத்தில் ஜான் எங்கே இருக்கிறான்? மாநாட்டு அரங்கத்துக்குள், வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இந்தப் படத்தின்மேல் கோபமும் உண்டு, நன்றியும் உண்டு. கோபம் எதற்கென்றால், ஐலீனுக்கு அரசியல் கிடையாது என்று படம் முடிவுகட்டிவிடுகிறது. அவளைத் தெருவுக்குக் கொண்டுவர ஒரு குழந்தை காணாமல் போக வேண்டியிருக்கிறது. தாயாக இல்லாவிட்டால் அவளுக்கு அந்த இரவில் வேலையே இல்லை. ஆனால் அந்த வாரம் உண்மையில் பெண்கள் தாங்களாகவே வந்திருந்தார்கள். மாநாடு தொடங்குவதற்கு முன்பே 'விமன் ஸ்ட்ரைக் ஃபார் பீஸ்' அமைப்பினர் ஹில்டன் ஹோட்டல் வாசலில் பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட மறியலை நடத்தினார்கள். அணுகுண்டுச் சோதனைக்கு எதிராக 1961 முதல் போராடிவந்த அமைப்பு அது. அவர்களில் பலர் தாய்மார்கள்தான், ஆனால் யாரும் மகனைத் தொலைத்துவிட்டு வழிதவறி வந்தவர்களல்ல. கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, பஸ் ஏறி வந்தவர்கள்.

நன்றி எதற்கென்றால், அந்த நடை ஆண்களின் விவரிப்புகளில் இல்லாத ஒன்றைக் காட்டிவிடுகிறது. நார்மன் மெய்லர் அதே ஆண்டில் 'மயாமி அண்ட் தி சீஜ் ஆஃப் சிகாகோ' எழுதினார். இதழியலில் அதைப் பெரிய சாதனையாகச் சொல்வார்கள். மிச்சிகன் அவென்யூ தாக்குதலை மெய்லர் பார்த்தது ஹில்டனின் உயர்மாடி ஜன்னலிலிருந்து. தன்னைப் படர்க்கையில் நிறுத்தி, தெருவில் இறங்காமல் தயங்கும் தன் பயத்தை நேர்மையாகவே எழுதுகிறார்; அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் இரண்டு படைகள் மோதும் போர்க்களமாகத்தான் தெரியும். மஞ்சள் கவுன் தரையில் போகிறது. அங்கே இருப்பது இரண்டு படைகளல்ல, பல நூறு பேர். சிலர் போராட வந்தவர்கள், சிலர் வீட்டுக்குப் போக வழி தேடுகிறவர்கள்.

படம் முடியும் விதம்தான் எனக்கு ஆறாதது. ஜானும் ஐலீனும் காரில் போகிறார்கள். கார் மரத்தில் மோதுகிறது. ஐலீன் இறந்துவிட்டாள் என்று வானொலி சொல்கிறது. போகிற காரிலிருந்து ஒரு சிறுவன் அதைப் புகைப்படம் எடுக்கிறான். பிறகு வெக்ஸ்லரே ஒரு கேமராவோடு தோன்றி அதை நம் பக்கம் திருப்புகிறார். முதல் காட்சியில் சாலையோரம் கிடந்த பெண்ணுக்கு இது பதில்; பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் நாமும்தான் என்கிறார். அழகான வட்டம். அந்த வட்டத்தை வரைய இரண்டு பெண்களின் உடல்கள் தேவைப்பட்டிருக்கின்றன, அதுதான் என் குறை. தடியடிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் நடுவில் நடந்து பிழைத்துவந்தவளை ஒரு மரத்தில் கொண்டுபோய் மோதியிருக்க வேண்டாம்.

இனி அந்த நாற்காலி விவகாரம்.

சிகாகோவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1964 ஆகஸ்டில், இதே கட்சியின் மாநாடு நியூ ஜெர்சியின் கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வழக்கம்போல வெள்ளையர்கள் மட்டுமே பிரதிநிதிகளாக வந்தார்கள். அங்கே வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்காளராகப் பதிவு செய்ய முடிந்திருந்தது. எனவே கறுப்பின மக்கள் மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி என்ற தனி அமைப்பைத் தொடங்கி, எல்லோரும் கலந்துகொள்ளும் கூட்டங்கள் நடத்தி, தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். அதன் பின்னணியில் இருந்த மூளை எல்லா பேக்கருடையது. முன்னணியில் நின்ற மூவர் ஃபேனி லூ ஹாமர், விக்டோரியா கிரே, ஆனி டிவைன். எங்களை அல்லவா உள்ளே உட்கார வைக்க வேண்டும் என்று கட்சியிடம் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 22 அன்று, பிரதிநிதிகளின் தகுதியை விசாரிக்கும் குழுவின் முன் ஃபேனி லூ ஹாமர் பேசினார். 20 குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர். ஆறு வயதிலிருந்து பருத்தி எடுத்தவர். 1961-இல் அறுவைச் சிகிச்சை ஒன்றின்போது அவருடைய சம்மதமில்லாமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். 1962-இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். அன்றே 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். 1963-இல் வினோனா சிறையில் அடைத்து அடித்தார்கள். குழுவின் முன் சுமார் எட்டு நிமிடங்கள், கையில் குறிப்பு எதுவும் இல்லாமல், இவற்றில் பலவற்றைச் சொன்னார். அடிக்கும்போது தன் உடை மேலேறியதையும், தான் அதைக் கீழே இழுத்துவிட்டதையும், ஒரு வெள்ளைக்காரன் மறுபடி மேலே தூக்கியதையும் சொன்னார். ஒரு கட்சி தன் வேட்பாளரை அறிவிக்கக் கூடிய இடத்தில், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன், ஒரு பெண் தன் உடையைப் பற்றிச் சொன்ன வாக்கியம் அது. மஞ்சள் கவுனைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த உடையையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குடியரசுத் தலைவர் ஜான்சன் வெள்ளை மாளிகையிலிருந்து அவசரமாகத் தொலைக்காட்சியில் தோன்றினார். கேமராக்கள் அங்கே திரும்பின. சொல்லத்தக்க செய்தி எதுவும் அவரிடம் இல்லை. ஹாமரை மறைப்பதுதான் நோக்கம். அது பலிக்கவில்லை. அன்று இரவு செய்தியில் ஹாமரின் சாட்சியத்தை ஒளிபரப்பினார்கள், நாடு முழுவதும் பார்த்தது. பருத்திக்காட்டுப் பெண் ஒருத்தியின் எட்டு நிமிடங்களுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பயந்தார் என்பதை சார்க்கின் வசனமாக எழுதினால் நாம் மிகை என்போம்.

பிறகு பேரம். பேச வந்தவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அவர் அறிவிக்கப்படுவதே இந்தச் சிக்கலை அவர் தீர்ப்பதைப் பொறுத்திருந்தது. வெள்ளையர் குழு அப்படியே இருக்கும், உங்களுக்கு இரண்டு இருக்கை தருகிறோம் என்றார்கள். அந்த இரண்டில் யார் உட்கார வேண்டும் என்பதையும் அவர்களே குறித்துவிட்டார்கள்: ஆரன் ஹென்றி, எட் கிங். இரண்டு பேரும் ஆண்கள். ஒருவர் மருந்துக்கடை உரிமையாளர், மற்றவர் பாதிரியார். குடிவாரத்துக்கு உழைத்த பெண்கள் யாரும் இல்லை. மதிப்புக்குரிய பல தலைவர்கள் இதை ஏற்கச் சொன்னார்கள். அரசியல் என்றால் விட்டுக்கொடுத்துத்தானே வாங்க வேண்டும் என்ற அறிவுரை. ஹாமர் மறுத்தார், வந்தவர்கள் எல்லோரும் களைத்திருக்கும்போது இரண்டு பேர் மட்டும் உட்காருவதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்பது அவர் கேள்வியின் சாரம். குழு அவரோடு நின்றது. சிலர் பிறரிடம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், மிசிசிப்பிக்கு ஒதுக்கியிருந்த இடத்திலேயே மறியல் செய்தார்கள். வெளியே கடற்கரை நடைபாதையில் மற்றவர்கள் அமைதியாக நின்றார்கள்.

அந்த ஹம்ஃப்ரிதான் 1968-இல் சிகாகோவில் வேட்பாளர். அங்கே மிசிசிப்பியின் வெள்ளையர் குழுவுக்கு இடம் மறுக்கப்பட்டது. 1964 தகராறின் விளைவாகக் கட்சி ஏற்றுக்கொண்ட விதி, நிறம் பார்த்து ஒதுக்கும் மாநிலக் குழுவை உள்ளே விடக்கூடாது என்றது. அவர்களுக்குப் பதிலாகக் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த புதிய குழு உட்கார்ந்தது. அதில் ஒருவராக ஃபேனி லூ ஹாமர் அரங்கத்துக்குள் வந்தபோது பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே தடியடி நடந்த அதே மாநாடு. ஜான் கேமராவோடு நின்றிருந்த அதே அரங்கம்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு படங்களிலும் அவர் இல்லை. இரண்டு இயக்குநர்களும் வேண்டுமென்று ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய கதைக்கு எதிர்ப்பு என்றால் தெரு. தெரு என்றால் புகை, ஓட்டம், உடைந்த கண்ணாடி. நாற்காலி கேட்டு மனுப்போடுவதை எப்படிப் படம் எடுப்பது? பெண்கள் செய்த போராட்டத்தில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது: பெயர்ப் பட்டியல் தயாரிப்பது, விதிமுறைப் புத்தகத்தைப் படிப்பது, பஸ் ஏற்பாடு செய்வது, தகுதிக் குழுவின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாகச் சொல்வது. இந்த வேலைகள் ஆண் தலைவர்களின் வீரத்துக்குப் பின்னணியில் நடந்த எடுபிடி வேலைகளாகத்தான் கதைகளில் வருகின்றன. ஆனால் கட்சியை உள்ளிருந்து மாற்றியது இந்த வகைப் போராட்டம்தான். சிகாகோவுக்குப் பிறகு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். 1968-இல் பிரதிநிதிகளில் பெண்கள் 13 சதவீதம். 1972-இல் ஏறத்தாழ 40 சதவீதம். அந்த 1972 மாநாட்டில்தான் ஷெர்லி சிசம் என்ற கறுப்பினப் பெண் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கான வாக்கெடுப்பில் 152 வாக்குகள் பெற்றார். புதிய விதிகளை எழுதவைத்ததில் மிச்சிகன் அவென்யூவின் ரத்தத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ரத்தத்துக்குப் படங்கள் இருக்கின்றன.

சிகாகோவில் ஹில்டன் வாசலில் அடி விழுந்து பத்து நாள் கழித்து, 1968 செப்டம்பர் 7 அன்று, பெண்கள் ஒரு கூட்டமாக அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் மிஸ் அமெரிக்கா போட்டியை எதிர்த்துக் கூடினார்கள். ஒரு குப்பைத் தொட்டியை வைத்து, பெண்களை வதைக்கும் பொருள்கள் என்று அவர்கள் நினைத்த குதிகால் செருப்பு, இறுக்கும் உள்ளாடை முதலியவற்றை அதில் போட்டார்கள். (உள்ளாடை எரித்தார்கள் என்பது கட்டுக்கதை, எதையும் எரிக்கவில்லை.) ஆண் நிருபர்களோடு பேச மறுத்தார்கள். பேசினால் என்ன எழுதுவார்கள் என்று தெரியும். பெண் நிருபர்களை அனுப்புங்கள் என்றார்கள். ஏற்பாடு செய்தவர்களில் ராபின் மோர்கன் யிப்பிகளோடு இருந்துவந்தவர். 1970-இல் இடதுசாரி ஆண் தோழர்களை முகத்துக்கு நேரே விளாசி ஒரு கட்டுரை எழுதினார். பெர்னடின்கள் ஃபோனை வைத்துவிட்டு எழுந்து போன தருணம் என்று அதைச் சொல்லலாம். மிஸ் அமெரிக்கா போட்டி நடந்த கட்டடம் எது தெரியுமா? கன்வென்ஷன் ஹால். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹாமரின் குழுவுக்கு இரண்டு இருக்கை போதும் என்று சொன்ன மாநாடு நடந்த அதே கட்டடம். அன்று அதற்கு வெளியே நின்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார இளம்பெண்கள். 1964-இல் அதே பலகை நடைபாதையில் இரவெல்லாம் நின்ற மிசிசிப்பிப் பெண்களை அவர்களில் எத்தனை பேர் நினைத்துக்கொண்டார்களோ. பெண்ணியத்தின் சொந்தக் கதையிலும் பேனரின் ஓரம் என்று ஒன்று இருக்கிறது.

இந்த ஆண்டு வகுப்பில் முதலில் ஹாமரின் சாட்சியத்தின் ஒலிப்பதிவைப் போட்டேன். அவர் பேசும் ஆங்கிலம் மாணவிகளுக்கு உடனே பிடிபடவில்லை. இரண்டாம் முறை எழுத்துப் பிரதியைக் கையில் கொடுத்தேன். உடையைப் பற்றிய இடம் வந்ததும் வகுப்பில் யாரும் நிமிரவில்லை. அதன் பிறகு மஞ்சள் கவுன் நடக்கும் காட்சியை மட்டும் போட்டேன், ஒலியைக் குறைத்துவிட்டு. சார்க்கின் படத்தை விட்டுவிடவில்லை, அதையும் பார்த்தோம். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு.

பெர்னடினின் பெயரைக் கேட்டவள் இப்போது மூன்றாமாண்டு. கல்லூரிப் பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் கூடியபோது அவளும் இருந்தாள். பிரின்சிபாலிடம் பேசப் போன ஐந்து பேரில் அவள் இல்லை என்று கேள்விப்பட்டு, ஏன் என்று கேட்டேன்.

"நான்தான் மேடம் வாட்ஸ்அப் குரூப் அட்மின். எல்லாரையும் நான்தான் வரச் சொன்னேன். லிஸ்ட், மனு எல்லாம் நான் டைப் பண்ணது." கொஞ்சம் நிறுத்தினாள். "உள்ளே அஞ்சு நாற்காலிதான் போட்டிருக்குன்னு சொன்னாங்க."